நீலச் சீட்டிக் கவுன்

ஜலாலுதீன் வீட்டுக் கூடத்தில் அன்று இருந்தவர்கள் நான்கு பேர். பெஞ்சில் அவனுடைய அண்ணன் கியாசுதீன். எதிரே பாயில் ஜலாலுதீன். கடிதம் எழுத, ஜன்னலோர மேசையில் நான். கதவுத்திரைக்குப் பின்னால் ஜலாலுதீனின் மனைவி ஷரீபுன்னிசா. பாதம் மட்டும் தெரிந்தது. அவர்கள் மகள் ஜஹனாரா கொல்லையில் மணலை அள்ளி அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்தாள்.

எட்டு வயதாகியும் ஜஹனாராவுக்குப் பேச்சு வரவில்லை. வேறு துணி மேலே பட்டால் சுவரில் தலையை மோதிக்கொள்வாள். ஒரு வருஷமாக அதே நீலச் சீட்டிக் கவுன். அதில் ஜின் குடியிருப்பதாகப் புதுப்பட்டினம் முழுக்கப் பேச்சு. தெற்கே ஒரு தர்காவுக்குக் கியாசுதீன் எழுதிக் கேட்டிருந்தார். பிள்ளையைக் கொண்டுவந்து விடலாம், பெற்றவர்கள் தங்கக் கூடாது, உடுத்திய துணியை முன்னதாக அனுப்பவேண்டும் என்று பதில் வந்திருந்தது.

"வெள்ளிக்கிழம இட்டுகினு வர்றோம்னு எழுதுப்பா" என்றார் கியாசுதீன். தேதி போட்டு, க்ஷேமம் விசாரித்து முடித்தேன்.

"உங்க அண்ணாத்தயக் கேளுங்க" என்று திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. கணவனின் அண்ணனிடம் ஷரீபுன்னிசா நேராகப் பேசுவதில்லை. "எந்தக் கவுன அனுப்பணுமாம்?"

"இன்னாடா, உம் பொண்டாட்டி வக்கீலாட்டம் கேக்குது? கீறதே ஒண்ணு."

திரைக்கு அடியில் ஒரு கவுன் வந்து விழுந்தது. ஈரம் காயவில்லை. அதே நீலம், அதே பூ. மூவரும் கொல்லையைப் பார்த்தோம். ஜஹனாரா கவுனோடுதான் இருந்தாள்.

"ஒரே துணில ரெண்டு தச்சேன். தூங்கசொல்ல மாத்திவுடுவேன். ஜின்னு எதுல கீதாம்?"

"எங்கிட்ட சொல்லவேயில்லியே" என்றான் ஜலாலுதீன்.

"நீங்க எங்க கேட்டீங்க?"

"ரெண்டையும் அனுப்பு. எதுல இருந்தாலும் மாட்டிக்கும்" என்றார் கியாசுதீன்.

திரை விலகியது. முக்காட்டை இழுத்துக்கொண்டு அவரையே பார்த்துக் கேட்டாள்: "மச்சான், அங்க அவ தூங்கறவரைக்கும் யாரு காத்துகினு இருப்பா? எப்படி மாத்துவாங்க?"

கியாசுதீன் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர். "கட்டிப்போட்டுத்தான்" என்றார்.

ஜலாலுதீன் எழுந்து வந்து என் முன்னாலிருந்த காகிதத்தை எடுத்துக் கிழித்தான். "வேற எழுதுப்பா. புள்ளைய அனுப்பல."

"ஊர்ல கேட்டா நீயே பதில் சொல்லிக்க" என்று கியாசுதீன் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

இடம் ஒதுக்கியதற்கு வந்தனம், பிள்ளை எங்களோடேயே இருக்கும் என்று இரண்டே வரி எழுதி, ஜலாலுதீனிடம் கையெழுத்து வாங்கினேன். உறையைப் பசை தடவி ஒட்டி, செங்கல்பட்டு பஸ் கண்டக்டர் தர்மராஜிடம், அங்கே தபாலில் சேர்க்கச் சொல்லிக் கொடுத்தேன்.