பாதி டாங்க் தாண்டிய பிறகு

அவன் ஐந்து சனிக்கிழமைகள் என்றான். எனக்கு மூன்றுதான் நினைவிருக்கிறது. அணைக்குப் போனது, காற்றாலைகள் நின்ற மேட்டுக்குப் போனது, கடைசியாகக் கல்குவாரிக்குப் போனது. நடுவில் இரண்டு எங்கே போயின என்று எத்தனை யோசித்தும் பிடிபடவில்லை. மழை பெய்த ஒரு நாள் உண்டு. அது முந்தைய வருடமாகவும் இருக்கலாம். பதிவேடு பார்த்தே பிழைத்தவள் நான். மருந்து வைக்கும் குளிர் அறைகளில் எந்த மணிக்கு எத்தனை டிகிரி இருந்தது என்று கேட்டு ஊரையே படுத்தியிருக்கிறேன். என் வீட்டு விஷயத்தில் என்னிடம் ஒரு தேதிகூட இல்லை. ஆகவே நான் சொல்வதில் சில இடங்கள் பிசகியிருக்கலாம். எண்ணிக்கையில் மட்டும் அவன் சொன்னதையே வைத்துக்கொள்கிறேன்.

அந்த நகரத்துக்கு நானும் என் கணவனும் வந்தது என் வேலைக்காக. தடுப்பூசிகளையும் மருந்துகளையும் குளிர் கெடாமல் வைத்திருந்து அனுப்பும் கிடங்கு ஒன்றில், தரச் சோதனைப் பிரிவில் எனக்கு இடம் கிடைத்தது. அவன் அப்போது நாங்கள் இருவரும் படித்த கல்லூரியிலேயே இயற்பியல் ஆய்வுக்கூட உதவியாளன். பதினோரு வருட வேலை. "நான் அங்க வந்து என்ன பண்ணுவேன்" என்று அவன் கேட்கவில்லை. "எத்தன பெட்டி ஆகும்?" என்றுதான் கேட்டான்.

எட்டு மாதம் அவனுக்கு வேலை இல்லை. இரண்டாம் மாடியில் வீடு. பால்கனிக்கு எதிரே பக்கத்துக் கட்டடத்தின் சுவர். அதில் வரிசையாக ஏசி பெட்டிகள் தண்ணீர் சொட்டிக்கொண்டிருக்கும். நான் வேலைவிட்டு வரும்போது அவன் அங்கே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பான். "மூணாவது மாடிக்காரங்க வந்துட்டாங்க, இப்பத்தான் சொட்ட ஆரம்பிச்சுது" என்பான். நான் சிரிப்பேன். அன்றைக்கு அவன் வேறு யாரிடமும் பேசியிருக்க மாட்டான் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் குளிக்கப் போய்விடுவேன்.

பிறகு தெருமுனையில் ஓட்டுநர் பள்ளி நடத்திக்கொண்டிருந்த அம்மா ஒருவர் அவனைப் பிடித்துக்கொண்டார். "எனக்குக் கோவமே வராத ஆளா ஒருத்தர் வேணும் தம்பி. முன்னாடி இருந்தவர் நல்ல மனுஷன்தான். ஆனா அவர் போட்ட சத்தத்துல ரெண்டு பேர் நடு ரோட்டுல எறங்கி நடந்தே வீட்டுக்குப் போயிட்டாங்க." அவனுக்குக் கோபம் வராது. எதற்கும் "மெதுவா" என்பான். கற்றுக்கொள்ள வந்தவர்கள் ஒரே மாதத்தில் அவனுக்கு 'மெதுவா சார்' என்று பேர் வைத்துவிட்டார்கள்.

பள்ளியில் வண்டி நிறுத்த இடம் கிடையாது. அதனால் காரை அவன் வீட்டுக்கே கொண்டுவந்துவிடுவான். சொல்லிக்கொடுப்பவர் உட்காரும் இருக்கையின் கீழும் ஒரு பிரேக் இருக்கும், பார்த்திருப்பீர்கள். சனிக்கிழமை பதினொரு மணிக்கு வகுப்பு முடியும். அதன்பிறகு அந்த இருக்கை எனக்கு.

"இந்த எல்-போர்டைக் கழட்டிடலாமே, மானம் போகுது" என்றேன் முதல் நாள்.

"இருக்கட்டும். இது இருந்தா யாரும் நம்மகிட்ட எதையும் எதிர்பார்க்க மாட்டாங்க."

உண்மைதான். லாரிகள்கூட எங்களைக் கண்டதும் ஒதுங்கிப் போயின. அந்தச் சலுகையிலேயே நாங்கள் அந்த நகரத்தைச் சுற்றி எல்லாத் திக்கிலும் போய்வந்தோம். போகும் இடம் எது என்று முன்கூட்டிப் பேசிக்கொள்வதில்லை. ஒரே ஒரு விதிதான்: டாங்க்கை நிரப்பிக்கொண்டு கிளம்ப வேண்டும், முள் பாதிக்கு வந்ததும் திரும்பிவிட வேண்டும். முள்ளைப் பார்ப்பது என் பொறுப்பு. "பாதி" என்று நான் சொன்னால் எந்த இடமாக இருந்தாலும் அவன் திருப்பிவிடுவான். அப்படித்தான் ஒருமுறை கடலைப் பார்க்காமலே திரும்பினோம். வாடை மட்டும் வந்தது. "இருக்குன்னு தெரிஞ்சுபோச்சுல்ல, போதும்" என்றான்.

வண்டியில் நான்தான் பேசிக்கொண்டு வருவேன். ஒரு வருடத்தில் குழுத் தலைவி ஆனேன், இரண்டாம் வருடம் பிரிவுக்கே பொறுப்பு. அன்றிலிருந்து தேநீர்க் கடையில் வண்டியை நிறுத்தினால், "மேடம் என்ன சாப்பிடறீங்க?" என்று கதவைத் திறந்துவிடுவான். "ரொம்பத்தான் பண்ணாத, எறங்கித் தொலை" என்பேன். இருவரும் சிரிப்போம்.

எங்கள் கிடங்கில் ஒரு வழக்கம் உண்டு. குளிர் அறையில் சூடு ஏறிவிட்டால் அது குற்றமில்லை. கதவு சரியாக மூடாமல் இருந்திருக்கலாம், மின்சாரம் போயிருக்கலாம். ஆனால் பார்த்தவர் நான்கு மணி நேரத்துக்குள் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். கொடுத்துவிட்டால் மருந்தையும் காப்பாற்றலாம், ஆளையும் காப்பாற்றலாம். மறைத்தால் வேலை போய்விடும். ஒருமுறை இரண்டு நாள் மறைத்துவைத்த பணியாளர் ஒருவரை நானே வெளியே அனுப்பினேன். அன்றைய பயணத்தில் அதை அவனிடம் சொன்னேன்.

"பாவம், பயந்திருப்பான்."

"பயந்தா வந்து சொல்லணும்."

"பயந்தா எப்படிச் சொல்ல வரும்?"

ரேடியோவைப் போட்டேன் என்று நினைக்கிறேன்.

மூன்றாம் வருடம் எனக்கு அந்த வாய்ப்பு வந்தது. வேறொரு நகரம், ஓர் இரவு ரயில் தூரம். மூன்று கிடங்குகளுக்குத் தலைமை. இயக்குநர் என்னை உட்கார வைத்து, "இதுக்கு மேல உங்களுக்கு நான் எதுவும் விளக்க வேண்டியதில்ல" என்றார். இரண்டு மாதத்தில் போய்ச் சேர வேண்டும். நிரப்பித் தரச் சொல்லி ஒரு படிவம் கொடுத்தார்கள். அதில் ஒரு கேள்வி: குடும்பத்துடன் இடம் மாறுகிறீர்களா? ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள்.

நான் 'இல்லை'யில் குறி போட்டேன்.

ஏன் என்று பிற்பாடு பலமுறை என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். மறுபடி ஒரு பால்கனி, மறுபடி எட்டு மாதம் என்று அவனை உட்கார வைக்க மனம் வரவில்லை. இங்கே அவனுக்கு ஒரு பேர் இருந்தது, தேடி வருகிறவர்கள் இருந்தார்கள். இதெல்லாம் நிஜம். பேனாவை எடுத்தபோது எனக்குள் ஏதோ ஒன்று லேசானதும் நிஜம். இனி வீட்டுக்குள் நுழையும்போது யாருடைய முகத்தையும் பார்த்துக் குற்றவாளியாக வேண்டியதில்லை என்பதுபோல. கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டேன். அவனிடம் சனிக்கிழமை வண்டியில் சொல்லிக்கொள்ளலாம், அதுதான் நிதானமாகப் பேசும் இடம் என்று வைத்துக்கொண்டேன்.

அந்தப் படிவங்களை வாங்கிக் கோப்பில் சேர்ப்பவள் பணியாளர் பிரிவில் இருந்த ஒரு சின்னப் பெண். வாய் மூடாமல் பேசுவாள் என்பதால் அலுவலகத்தில் எல்லோருக்கும் அவள் 'சிட்டு'. கார் ஓட்டப் பழக வேண்டும் என்றபோது நான்தான் அவளை என் கணவனிடம் அனுப்பினேன். அவள் கையில்தான் என் படிவம் இருக்கிறது என்பதும், வாரத்தில் மூன்று காலை அவள் அவனுக்குப் பக்கத்தில் உட்காருகிறாள் என்பதும் எனக்கு நன்றாகத் தெரியும். இரண்டையும் நான் சேர்த்துப் பார்க்கவே இல்லை. அலுவலகம் ஓர் அறை, வீடு இன்னோர் அறை, நடுவில் கதவு சரியாக மூடியிருக்கிறது என்றே இருந்துவிட்டேன்.

முதல் சனிக்கிழமை அணை. போகும் வழியெல்லாம் வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டே வந்தேன். அவன் ஆரஞ்சு உரித்துக் கொடுத்தான். சுளைகளைத் தின்று முடித்ததும் சொல்லலாம் என்று இருந்தேன். தின்று முடித்தேன். "பாதி" என்றேன், முள்ளைப் பார்த்து.

"தெரியும்" என்றான். திருப்பவில்லை.

"பாதி தாண்டுது."

"பங்க் இருக்கும். இன்னும் கொஞ்சம் போலாம்."

எங்கள் விதியை அவன் மீறியது அதுவே முதல் முறை. அடுத்தடுத்த வாரங்களிலும் அப்படியே. நான் பாதி என்பேன், அவன் தலையை மட்டும் ஆட்டிவிட்டு மேலே போவான். ரேடியோவைப் போட்டால் அணைத்துவிடுவான். காற்றாலை மேட்டில் வண்டியை நிறுத்திவிட்டு, ஒரு மணி நேரத்துக்கு மேல் இருவரும் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். அவன் ஒருமுறை, "ஆபீஸ்ல என்ன விசேஷம்?" என்று கேட்டான்.

"ஒண்ணுமில்ல. வழக்கம்போலத்தான்."

"ம்" என்றான். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், "வேற?" என்றான்.

"வேற என்ன? தூக்கம் வருது, போலாம்."

எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது. இவ்வளவு தூரம் வந்து எதற்குச் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும் என்று. அவனுக்கு இந்த ஊர் இவ்வளவு பிடித்துப்போயிற்று, இவனிடம் எப்படிச் சொல்வேன் என்று என் சிந்தனை அந்த வழியே போய்க்கொண்டிருந்தது.

கடைசியாகக் கல்குவாரி. கைவிடப்பட்ட குவாரி, பள்ளத்தில் பச்சைத் தண்ணீர். அங்கிருந்து திரும்பும் வழியில், ஆளில்லாத நேர்ச் சாலையில், ஓட்டிக்கொண்டே அவன் கேட்டான்.

"எப்ப கெளம்பறே?"

நான் என்ன கேட்கிறாய் என்று கேட்கவில்லை. என் கால் தானாகவே கீழே இருந்த பிரேக்கை அழுத்திவிட்டது. கிளட்ச் மிதிக்காததால் வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நடுச் சாலையில் அணைந்து நின்றது.

"காலை எடு" என்றான். எடுத்தேன். அவன் உடனே வண்டியைக் கிளப்பவில்லை.

"யாரு சொன்னா?"

"சிட்டு. ரிவர்ஸ் எடுத்துட்டிருந்தா. 'நல்லவேளை சார், மேடம் தனியாப் போறாங்களாமே, நீங்க இங்கதான் இருப்பீங்கன்னு எழுதியிருக்காங்க, எனக்குக் கிளாஸ் நிக்காது'ன்னா. சந்தோஷமாத்தான் சொன்னா, பாவம்."

"நீ என்ன சொன்னே?"

"கண்ணாடியப் பாருங்கன்னேன்."

எதிரே ஒரு லாரி வந்தது. எல்-போர்டைப் பார்த்து வேகத்தைக் குறைத்து, விலகிப் போனது. அந்த ஓட்டுநர் எங்களைப் பார்த்து ஆறுதலாகக் கையசைத்தார்.

"இன்னிக்குச் சொல்லலாம்னுதான்..." என்று தொடங்கினேன்.

"ஒங்க ஆபீஸ்ல நாலு மணி நேரம். நான் அஞ்சு சனிக்கிழமை குடுத்தேன்." அவன் குரல் உயரவில்லை. வகுப்பில் பேசும் அதே குரல். "ஊருக்குள்ள வந்துட்டா நீ சொல்ல மாட்டேன்னு தெரியும். அதான் ஒவ்வொரு வாரமும் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்னு போயிட்டே இருந்தேன். போன வாரம் ரிசர்வே வந்துருச்சு. அப்பவும் நீ முள்ளத்தான் பார்த்தே."

என்ஜின் ஆறும் டிக் டிக் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு நான் கேட்கக் கூடாததைக் கேட்டேன்.

"கேட்டிருந்தா வந்திருப்பியா?"

அவன் ஸ்டீயரிங்கில் கையை வைத்துக்கொண்டு சாலையைப் பார்த்தான். அழுவான் என்று நினைத்தேன். அழுதிருந்தால் நானும் அழுதிருப்பேன், ஏதாவது மாறியிருக்கலாம்.

"இனிமே அதுக்கு நான் என்ன சொன்னாலும் ஒனக்கு வசதியாத்தான் இருக்கும். வரமாட்டேன்னா நீ பண்ணது சரின்னு ஆயிடும். வருவேன்னா மன்னிச்சுட்டேன்னு ஆயிடும். ரெண்டுமே வேண்டாம்."

"நான் வேண்டாம்னு சொல்லிடறேன். திங்கட்கிழமை போய் அந்த ப்ரமோஷன் லெட்டரத் திருப்பிக் குடுத்துடறேன்."

"எதுக்கு? அந்த வேலைக்கு நீதான் சரி. அதுல எனக்கு ஒரு சந்தேகமும் இல்ல. வேலைய ஏன் வேண்டாங்கறே? நீ வேண்டாம்னு போட்டது வேலைய இல்லையே."

சாவியைத் திருப்பினான். வண்டி கிளம்பியது. வழியில் ஒரு பங்க்கில் நிறுத்தி டாங்க்கை நிரப்பினான். அடுத்த வகுப்பு திங்கள் காலை ஆறு மணிக்கு, வண்டி தயாராக இருக்க வேண்டும் என்றான். வீட்டுக்கு வந்ததும் இருவரும் சாப்பிட்டோம். பாத்திரம் அவன் கழுவினான், நான் துடைத்து வைத்தேன். மறுநாள் பரணிலிருந்து பெட்டிகளை இறக்கி, தூசி தட்டி, கூடத்தில் வரிசையாக வைத்தான். எத்தனை ஆகும் என்று இந்த முறை அவன் கேட்கவில்லை. ரயிலடிக்கு வந்தான். தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுத்துவிட்டு, "பார்த்துப் போங்க" என்றான். அதில் பழைய கேலி இருக்கிறதா என்று அவன் முகத்தைப் பார்த்தேன். இல்லை.

முதல் ஆறு மாதம் ஞாயிறுதோறும் தொலைபேசினேன். எடுப்பான், நன்றாகத்தான் பேசுவான், மழை பெய்கிறதா என்று கேட்பான். நான் ஒருமுறை சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிப் போனேன். தேநீர் போட்டுக் கொடுத்தான். மாலை ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று அவனேதான் நினைவுபடுத்தினான். இரண்டாம் வருடம் முறைப்படி பிரிந்தோம். வக்கீலிடம் குறைசொல்ல இருவரிடமும் ஒன்றும் இருக்கவில்லை. அவர்தான் ஏதோ எழுதிச் சேர்த்தார்.

இப்போது என் பொறுப்பில் ஏழு கிடங்குகள். அலுவலகக் கார் இருக்கிறது, ஓட்டுவதற்கு ஆள் இருக்கிறார். பள்ளி நடத்திய அம்மா மகளோடு இருக்கப் போய்விட்டார். பள்ளியை அவன் எடுத்து நடத்துகிறான், இரண்டு வண்டிகள். சிட்டு இரண்டாவது தடவையில் உரிமம் வாங்கினாள். திருமணமாகி ஒரு பெண் குழந்தை. அன்று தான் சொன்னதால் என்ன நடந்தது என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது. வருடத்துக்கு ஒருமுறை பேசும்போது அவள்தான் அவனைப் பற்றிச் சொல்வாள். உடம்பு நன்றாக இருக்கிறது. வேறு திருமணம் செய்துகொள்ளவில்லை. சனிக்கிழமைகளில் மாலை வரை வகுப்பு எடுக்கிறான்.