மஞ்சள் டேலியா

“மைனி, மாடியில அப்பாவோட டேலியா பூத்திருக்குல்லா? அதைப் பறிச்சுட்டு வாங்க. நெஞ்சுல வச்சு அனுப்புவோம்” என்றாள் நாத்தனார் ப்ரியதர்ஷினி, அழுகைக்கு நடுவே.

மாமனார் நல்லகண்ணுவின் நெற்றியில் சந்தனம் வைத்துக்கொண்டிருந்த இசக்கிசெல்விக்குக் கை அப்படியே நின்றது. பூத்தால்தானே பறிப்பதற்கு? ஆஸ்பத்திரியில் முதல் ஒன்பது நாளும் அவர் கண் விழித்ததும் கேட்டது ஒரே கேள்வி: “பூத்துட்டா தாயி?” இனி வைத்தியமில்லை என்று டாக்டர் சொன்ன அன்று மனசு தாங்காமல், “மஞ்சளா பூத்திருக்கு மாமா” என்று சொல்லிவிட்டாள். புளுகினாலும் அளவாகப் புளுக வேண்டாமா? நிறத்தையும் சேர்த்துச் சொல்லித் தொலைத்தாள். மனுஷர் அதைப் போனில் மகளிடமும் பெருமையடித்துவிட்டார். சாகப்போகிறவரை ஏமாற்றியவள் என்று ஊரே சொல்லுமே!

குளிப்பாட்டத் தண்ணீர் எடுக்க நீர்மாலைக்குப் போனவர்கள் திரும்புவதற்குள் ஏதாவது செய்தாக வேண்டும். படியேறினாள். பின்னாலேயே மூச்சு வாங்க வந்தார் ஆறுமுகச்சாமி. மாமனாரின் சேக்காளி, விதை கொடுத்தவர்.

“அண்ணாச்சி, நான் பொய் சொல்லிட்டேன். பூவே இல்ல.”

“தெரியும்மா. அவனுக்கும் தெரியும்.”

“மாமாவுக்கா?”

“விதை போட்டு அறுவது நாள்தான் ஆவுது. தொண்ணூறு நாளாவது வேண்டாமா? அதுவும் விதையில வளத்தா என்ன நிறம்னு பூத்தாத்தான் தெரியும். பாக்கப் போனப்ப எங்கிட்டச் சொல்லிச் சிரிச்சான். ‘ஒரு மாசம் முந்தியே பூக்க வச்சுட்டாய்யா எம் மருமவ. யாரும் அவகிட்டக் கேட்டுராதீய’ன்னான்.”

அந்தப் பொய்யைச் சொன்னபிறகு மாமனார் பூவைப் பற்றிக் கேட்கவே இல்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. பத்து நாளாக நெஞ்சில் கிடந்த கல் இறங்கிவிட்டது. அப்பாடா என்று செடித்தொட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

ஆறுமுகச்சாமி கீழே இறங்கினார். அவர் குரல் மாடிவரை கேட்டது. “மொதப் பூவைப் பறிக்கக் கூடாதும்மா. விதைக்கு விடணும். உங்கப்பன் கண்டிஷனாச் சொல்லியிருக்கான்.”

“அப்படியா மாமா? அப்ப இருக்கட்டும்” என்றாள் ப்ரியதர்ஷினி.

இசக்கிசெல்விக்குச் சிரிப்பு வந்தது. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினாள். காலையிலிருந்து வராத அழுகையும் கூடவே வந்தது. தெருமுனையில் நீர்மாலை திரும்பும் சங்குச் சத்தம் கேட்டது. முகத்தைத் துடைத்துக்கொண்டு, வாளியிலிருந்து ஒரு செம்பு தண்ணீர் மோந்து செடிக்கு ஊற்றினாள். மிளகளவு மொட்டு பச்சையாகவே இருந்தது.