முழு பவரில் பொங்கிய கஞ்சி

போன மாதம் வந்த காய்ச்சல் நாலே நாளில் போய்விட்டது. போகும்போது என் மூக்கின் மோப்பத்தையும் கூடவே கொண்டுபோய்விட்டது. அதன்பின் இரண்டு முறை கேஸைத் திறந்து வைத்துவிட்டு, எதுவும் தெரியாமல் அடுத்த அறையில் சட்டை தைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு முறையும் தங்கைதான் ஓடி வந்து மூடினாள். மறுநாளே சிலிண்டரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒரு மைக்ரோவேவ் வாங்கி வைத்தாள்.

அவளுக்கு வேறொரு ஊரில் பல் மருத்துவமனையில் வேலை கிடைத்திருந்தது. வருகிறாளா இல்லையா என்று வெள்ளிக்கிழமைக்குள் சொல்லியாக வேண்டும்.

"ஒரே ஒரு வேளைக்கு நீயா ஒழுங்கா சமைச்சுக் காட்டு, போறேன். இல்லன்னா இங்கயே இருந்துடறேன்" என்றாள்.

பல வருடம் காத்திருந்து கிடைத்த வேலை. என்னால் அது கைநழுவுவதில் எனக்குச் சம்மதமில்லை.

திங்கட்கிழமை பால் காய்ச்சினேன். முழு பவர், மூன்று நிமிடம். பால் பொங்கித் தட்டில்தான் மிச்சம் இருந்தது. செவ்வாய்க்கிழமை முட்டையைக் கிண்ணத்தில் உடைத்து வைத்தேன். முழு பவர், ஒரு நிமிடம். டப்பென்று வெடித்துக் கதவின் உள்பக்கம் முழுக்க மஞ்சள். புதன்கிழமை ஓட்ஸ் கஞ்சிக்கு முழு பவரிலேயே நேரத்தை மட்டும் பாதியாக்கிப் பார்த்தேன். ஓரம் பொங்கி வழிந்தது, நடுவில் வேகவே இல்லை.

"அண்ணா, அந்தப் பவர் பட்டன் உனக்கு என்ன பாவம் பண்ணுச்சு? தொடவே மாட்டேங்கற!"

"கொறச்சு வெச்சா எப்படிம்மா வேகும்? வெதுவெதுன்னு கெடக்கும்."

"சட்டையையும் இப்படித்தான் தைக்கறியா? காலர்லேர்ந்து கை வரைக்கும் ஒரே மிதி?"

கோபம் வந்தது. வழிந்த கஞ்சியைத் துடைக்க ஆரம்பித்தேன்.

வியாழக்கிழமை காலை அவள் மேசையருகே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அதே ஓட்ஸ் கஞ்சிதான்; பவரை ஐம்பது சதவீதத்தில் வைத்து, ஆறு நிமிடம் கொடுத்தேன். உறுமல் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் நின்றுபோனது. விளக்கு எரிகிறது, தட்டு சுற்றுகிறது, உறுமல் மட்டும் இல்லை. கெட்டது போ என்று கதவில் கை வைத்தேன். மறுபடி உறுமியது. கையை எடுத்துவிட்டு எண்ணினேன். பத்து எண்ணும்வரை ஓட்டம், பத்து எண்ணும்வரை ஓய்வு.

என் வலது கால் தானாக அசைந்தது. காலர் முனையை எந்தத் தையற்காரனும் ஒரே மிதியில் திருப்ப மாட்டான். மிதித்து, விட்டு, துணியைத் திருப்பி, மறுபடி மிதிப்பான். தையல் மெஷின் மோட்டாரின் பலம் குறைவதில்லை, கால்தான் இடைவெளி விடுகிறது. இந்தப் பெட்டியும் அதைத்தான் செய்தது. கிண்ணத்தின் விளிம்புவரை எழுந்த நுரை, உறுமல் நின்றதும் அடங்கி உள்ளே இறங்கியது.

"என்ன, தனியா சிரிச்சுக்கற?"

"இதுவும் விட்டு விட்டுத்தான் மிதிக்குதும்மா."

கிண்ணத்தை அவள் முன் வைத்தேன். "எனக்கு ருசியும் சரியாத் தெரியல. நீதான் சொல்லணும்."

ஒரு கரண்டி வாயில் போட்டாள். நடுவிலிருந்து இன்னொரு கரண்டி எடுத்து அழுத்திப் பார்த்தாள்.

"உப்பு அள்ளிக் கொட்டியிருக்க. ஆனா வெந்திருக்கு."

ஜன்னலருகே போய் மருத்துவமனைக்குப் போன் போட்டாள். "திங்கக்கிழமை வந்து சேர்ந்துடறேங்க" என்றாள். திரும்பி வந்து உட்கார்ந்து, உப்பைத் திட்டிக்கொண்டே மிச்சக் கஞ்சியையும் குடித்து முடித்தாள்.