ஈசான மூலையில் பத்தடி

பி.எச்.ஐ. பஞ்சலிங்கம் அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டே கேட்ட கேள்வியில் குணலட்சுமிக்கு உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வந்தது.

“என்ன தம்பி சொல்லுறீர்? என்ரை வளவின்ரை ஈசான மூலையிலை கக்கூசோ? உமக்கென்ன விசரே?”

பஞ்சலிங்கம் சுகாதாரப் பரிசோதகர். பாவம், அவருக்கும் வேறு வழியில்லை. வேலிக்கு அந்தப் பக்கம், கிழக்கு வளவில், குருநகரிலிருந்து வந்த ஒன்பது குடும்பங்கள் இருந்தன. தொண்ணூறாம் ஆண்டு கோட்டைச் சண்டை தொடங்கிக் கடற்கரையெல்லாம் குண்டு விழ, கைவண்டிலிலும் சைக்கிளிலும் அகப்பட்டதைக் கட்டிக்கொண்டு ஓடிவந்த சனம். அந்த வளவுக்காரர் எண்பத்துமூன்றிலேயே லண்டனுக்குப் போய்விட்டார். குணலட்சுமியின் இரண்டு பெடியங்களும் ஜெர்மனியில். கொக்குவிலில் பாதி வீடு இப்படித்தான் கிடந்தது. ஓர் ஊர் பிளேன் ஏறிப் போய்விட, அது விட்ட இடத்தில் இன்னோர் ஊர் வந்து ஓலைக் கிடுகு வேய்ந்து குடியேறியது. ஒரு குடும்பத்துக்கென்று கட்டிய கக்கூசு நாற்பத்திரண்டு பேருக்கு எப்படிக் காணும்? ஒரே மாதத்தில் குழி நிரம்பி, கதவுக்குக் குறுக்கே தடி அடித்தாகிவிட்டது.

“எங்கடை நிலம் சுண்ணாம்புக்கல்லு, அக்கா,” என்றார் பஞ்சலிங்கம் பொறுமையாக. “மேலை விடுறது கீழாலை கிணத்துக்கு வந்திடும். குழிக்கும் கிணத்துக்கும் இடையிலை ஐம்பதடி வேணும். அந்த வளவுக் கிணறு, உங்கடை கிணறு, வடக்கு வீட்டுக் கிணறு, பின்வளவுக் கிணறு, எல்லாத்திலையிருந்தும் அளந்து பாத்திட்டன். தப்புற இடம் இது ஒண்டுதான். உங்கடை வேலியிலையிருந்து பத்தடி உள்ளுக்கு.”

“கண்டறியாத சட்டம்! வடகிழக்கு ஈசானம் சாமி மூலை. அதிலை பிடுங்கிற பூவைத்தான் நான் சாமிக்கு வைக்கிறன். அதிலை போய்... சீ! எழும்பிப் போம், தம்பி.”

அவர் எழும்பிப் போனார். குணலட்சுமிக்கு ஊரில் ‘வேலிக்காரி’ என்றொரு பட்டம் இருந்தது. அது அவள் தேடின பட்டமல்ல, கட்டினவர் வைத்துவிட்டுப் போனது. ரயில் ஸ்ரேசன் மாஸ்ரராக இருந்த மனுசன் இதே கிழக்கு வேலிக்காக, அரையடிக்காக, ஏழு வருஷம் கோடேறி வழக்குப் பேசி வென்றவர். வென்ற அடுத்த வருஷம் கண்ணை மூடிவிட்டார். அந்த வேலியில் ஒரு கதியால் தடி சரிந்தாலே அவளுக்கு நெஞ்சு பதறும். அதில் பத்தடி கேட்டால்?

கிழக்கு வளவில் மக்டலீன் என்றொருத்தி இருந்தாள். அவளுடைய மகள் யசிந்தாவுக்குப் பதினாறு வயது. சோதனைக்குப் படிக்கிற பிள்ளை. நாற்பத்திரண்டு பேரின் சத்தத்துக்குள் எப்படிப் படிப்பது? பஞ்சலிங்கம் வந்துபோன கிழமையே தாய் வந்து தயங்கித் தயங்கிக் கேட்க, குணலட்சுமி விறாந்தையில் இருந்து படிக்க விட்டாள். அவள் கல்நெஞ்சுக்காரி அல்ல. வேலி விஷயத்தில் மட்டுந்தான் அப்படி.

முதல் நாள் காலமை பத்து மணிக்கு, வெளியாட்களுக்கென்று குசினிக்குப் பின்னால் கொழுவி வைத்திருந்த எனாமல் கோப்பையில் தண்ணீர் கொடுத்தாள். பிள்ளை “தாங்ஸ் அன்ரி” என்று வாங்கிப் பக்கத்தில் வைத்தாள். மத்தியானம் எழும்பிப் போன பிறகு பார்த்தால், ஒரு மிடறும் குறையவில்லை.

குணலட்சுமிக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. கோப்பையைப் பார்த்துத்தானே குடியாமல் விட்டாள்? எங்கள் குசினிகளில் எந்தக் கோப்பை யாருக்கு என்ற கதை குருநகர்ப் பிள்ளைக்குத் தெரியாதா என்ன? வெட்கம் ஒரு பக்கம், கோபம் ஒரு பக்கம். இந்த வயதில் இவ்வளவு ரோசமோ! ஆனாலும் அடுத்த நாள், கட்டினவர் குடித்த வெள்ளி மூக்குப்பேணியை விளக்கி, தேத்தண்ணி ஊற்றி, தன் கையால் கொண்டுபோய்க் கொடுத்தாள். அதைச் செய்ய அவளுக்கு எவ்வளவு மனம் வேண்டியிருந்தது என்று அந்தப் பெட்டைக்கு எங்கே தெரியப்போகிறது? பிள்ளை சிரித்தாள். வாங்கினாள். அந்தத் தேத்தண்ணியும் ஆடை படிந்து ஆறிப்போயிற்று.

“சரி, போ. இனி நான் கேக்கமாட்டன்,” என்று குணலட்சுமி தனக்குள் முறுகிக்கொண்டாள்.

மூன்றாம் கிழமை ஒரு நாள் யசிந்தா எழுதிக்கொண்டிருந்தபடியே அடிவயிற்றைப் பொத்திக்கொண்டு விறாந்தைத் தூணோடு சரிந்தாள். தொட்டால் உடம்பு கொதித்தது. குணலட்சுமி போட்ட சத்தத்தில் மக்டலீன் ஓடிவந்தாள். பிள்ளையைச் சைக்கிளில் ஏற்றி, ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு டொக்டரிடம் போனார்கள். ஊசி போட்டு, மருந்து தந்து, “நிறையத் தண்ணி குடுங்கோ” என்றார் டொக்டர்.

திரும்பி வரும் வழியில் குணலட்சுமி பொரிந்து தள்ளினாள். “தண்ணி குடு எண்டா? நான் குடுக்காமலோ? பேணியிலை குடுத்தன், தேத்தண்ணி குடுத்தன். உன்ரை மகளுக்குப் பெரிய ரோசம், மக்டலீன். என்ரை கையாலை வாங்கிக் குடிக்கக்கூடாதாம்!”

மக்டலீன் சைக்கிளை நிற்பாட்டிவிட்டாள். “ஐயோ அக்கா, அப்பிடியொண்டும் இல்லை. விடிஞ்சாப்பிறகு அவள் தண்ணியே குடிக்கிறேல்லை. அவள் மட்டுமில்லை, எங்கடை வளவிலை ஒரு குமரும் குடிக்கிறேல்லை. குடிச்சா எங்கை போறது? விடியக் கருக்கலிலை எல்லாரும் சேந்து பனங்காணிக்குப் போவம். பேந்து பொழுதுபட்டாப்பிறகுதான். உங்கடை தேத்தண்ணியைப் பாத்துக்கொண்டே இருந்தனான் எண்டு சொல்லி அழுதவள், அக்கா.”

குணலட்சுமி சைக்கிளில் குனிந்திருந்த பிள்ளையின் வெடித்த உதட்டைப் பார்த்தாள். இதையா நான் ரோசம் என்று நினைத்தேன்?

அடுத்த நாள் பஞ்சலிங்கத்துக்கு ஆள் அனுப்பினாள். அவர் நாடாவோடு வந்து, எதற்கும் கொஞ்சம் எட்டவே நின்றார்.

“தம்பி, நான் கேக்கிறதுக்கு மட்டும் மறுமொழி சொல்லும். என்ரை கிழக்கு வேலியைப் பத்தடி இஞ்சாலை தள்ளிப் போட்டா, என்ரை ஈசான மூலை எது?”

“புது வேலி மூலைதான், அக்கா.”

“பழைய மூலை?”

“அது கிழக்கு வளவோடை சேந்திடும். அவையளுக்கு அது வடமேற்கு. வாயு மூலை.”

“வாயு மூலையிலை கக்கூசு கட்டினாக் குற்றமோ?”

பஞ்சலிங்கத்துக்கு அப்போதுதான் வெளித்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டு, “ஒரு குற்றமும் இல்லை. பத்துக்குப் பத்து ஒரு சதுரம் வெட்டித் தந்தாக் காணும்,” என்றார்.

“நல்ல கதை! வளவின்ரை மூலையைக் கொத்திவிட்டாக் குடும்பம் உருப்படுமோ? என்ரை பிள்ளையள் பனிக்குள்ளை கிடக்குதுகள். தந்தா வடக்கிலையிருந்து தெற்கு மட்டும் ஒரே கோடாத்தான் தருவன்.”

அப்படித்தான் தந்தாள். அரையடிக்கு ஏழு வருஷம் வழக்குப் பேசிய வேலி, ஒரே நாளில் நூற்றிருபதடி நீளத்துக்குப் பத்தடி உள்ளே வந்தது. பஞ்சலிங்கம் கொப்பியில் கோடு கீறிப் பார்த்தார். கிணற்றை நெருக்கிக்கொண்டு நின்ற இரண்டு கொட்டில்களை அந்தத் துண்டுக்கு மாற்றலாம். வெளியே ஒழுங்கைக்குப் போக ஒரு நடைபாதையும் விடலாம். குருநகர் ஆம்பிளைகள் கல்லுடைக்கும் அலவாங்கோடு இறங்கினார்கள். கடலில் வலை இழுத்த கைகள் சுண்ணாம்புக்கல்லில் கொப்பளித்துப் போயின. சண்டையால் அரசாங்கம் சீமெந்துக்குத் தடை போட்டிருந்தபடியால், பனங்குற்றியைப் பரவி, களிமண் மெழுகி, கிடுகால் மறைத்து, உள்ளே கொண்டி வைத்த ஒரு கதவும் பொருத்தினார்கள்.

வேலை முடிந்த அடுத்த நாள், உச்சி வெயிலில், குணலட்சுமி புது வேலியோரம் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்றாள். யசிந்தா ஒரு வாளித் தண்ணீரோடு வந்தாள். தனியே வந்தாள். முன்னும் பின்னும் பார்க்கவில்லை. கதவு சாத்துகிற சத்தமும் கொண்டி விழுகிற சத்தமும் கேட்டன.

பிள்ளை வெளியே வரும்போது தன்னைக் கண்டு கூசக்கூடாதென்று குணலட்சுமி அவசரமாக மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஈரச் சீலையை முகத்தில் பொத்திக்கொண்டு அழுதாள்.

“பத்தடி,” என்றாள் தனக்குள். “இந்தப் பத்தடிக்கோ நான் மூண்டு கிழமை யோசிச்சனான்?”