வெட்டுக்காட்டுக்குள் ஒரு ஆள்

கழுத்து எரிந்தது. நெற்றிப்பட்டையில் தொங்கிய ஐம்பது கிலோ அரிசி மூட்டை பின்னால் இழுக்க, அந்த இழுப்பு முழுவதையும் கழுத்து நரம்பு ரெண்டும்தான் தாங்கின. ரோகூங்கா மூன்று நாளாகச் சுமக்கிறான். ஆற்றங்கரை ரோட்டில் லாரி தள்ளிவிட்டுப் போகிற மூட்டைகளை மலை உச்சியில் இருக்கிற எல்லைப்படை முகாமுக்கு ஏற்ற வேண்டும். ஒரு ஏற்றத்துக்கு ரெண்டரை மணி நேரம். படுக்கை முகாமுக்கு வெளியே தகரக் கொட்டகையில். மூட்டை தீரும்வரை ஊருக்குப் போகக் கூடாதென்று அவனிடமும் இன்னும் மூன்று பேரிடமும் சொல்லியிருந்தார்கள். போனவன் திரும்பி வருவதில்லை என்பது முகாம்காரர்களின் அனுபவம்.

அவனுக்கு அவசரம் ஒன்றும் இல்லை. இன்றைக்குப் புதன். வெள்ளிக்கிழமைக்குள் இறங்கினால் போதும். வெட்டிப்போட்ட காட்டை விதைப்புக்காக ஊரே சேர்ந்து எரிப்பது சனிக்கிழமை.

காட்டுக்குள் அவன் மச்சினன் இருந்தான்.

பெயர் தாங்சுங். எல்லையாக ஓடுகிற தியாவ் ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக்காரன். வெயில் காலத்தில் ஆறு முழங்கால் மட்டும்தான். அக்காவை இந்தக் கரையில் ரோகூங்காவுக்குக் கட்டிக் கொடுத்தார்கள், மாடு அந்தக் கரையில் மேய்ந்தது, கல்யாணமும் சாவும் ரெண்டு கரைக்கும் பொது. பிறகு அந்தப் பக்கத்து ராணுவம் வீட்டுக்கு ஒரு ஆளைப் பிடித்துப் பச்சைச் சட்டை மாட்டிவிட ஆரம்பித்தது. தாங்சுங் நாலு மாதம் சட்டையைப் போட்டிருந்துவிட்டு ஓடி வந்தான். ராணுவம் கண்டால் ஓடிப்போனவன் என்று சுடும். அந்தக் கரையை இப்போது கையில் வைத்திருக்கிற போராளிகள் கண்டால் ராணுவத்துக்காரன் என்று சுடுவார்கள். இந்தக் கரை முகாமில், ஆறு தாண்டி வருகிறவர்களிடம் புதிதாக விரல்ரேகை எடுக்கிறார்கள். சட்டை போட்டவன் என்று தெரிந்தால் பாலத்துக்குக் கொண்டுபோய் அந்தப் பக்கம் தள்ளிவிடுவார்கள். தள்ளினால் மேலே சொன்ன ரெண்டில் ஒன்று.

ரோகூங்கா அவனைத் தன் வெட்டுக்காட்டில் வைத்தான். நல்ல யோசனைதான். வெட்டிச் சாய்த்த மரமும் மூங்கிலும் காய்ந்து கிடக்கிற சரிவுக்குள் எரிக்கிற நாள்வரை எவனும் கால் வைக்க மாட்டான். படைக்காரனின் நாய்கூட உள்ளே போகாது. நடுவில் ஒரு பாறையிடுக்கு, பக்கத்தில் ஊற்று. ஒரு வாரத்துக்கு அவலும் கருவாடும் கொடுத்துவிட்டுச் சொன்னான்:

"யாரு கூப்பிட்டாலும் குரல் குடுக்காத. எம் பேரச் சொல்லிக் கூப்பிட்டாலும் குடுக்காத. நான் வந்து பாறைய மூணு தட்டுத் தட்டுவேன். அப்பத்தான் வெளிய வரணும்."

"பொண்டாட்டி வந்து தட்டினா?"

"ஒங்கக்கா அந்தக் கரைக்குப் போயிருக்கா. ஒங்கம்மாகிட்ட நீ உசுரோட இருக்கன்னு சொல்ல."

"நான் எம் பொண்டாட்டியச் சொன்னேன் மச்சான்."

"ஒனக்கு எவ கழுத்த நீட்டுவா? வாய மூடிட்டுப் படுடா."

சிரித்தான் பயல். இருபத்தொரு வயசு.

மூட்டையை முகாம் வாசலில் இறக்கிவிட்டு ரோகூங்கா கழுத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். உச்சி வெயில். அப்போது எதிர் மேட்டிலிருந்து குரல் வந்தது. நாலைந்து ஆம்பளைகள் சேர்ந்து கத்துகிற குரல்.

"காட்டுக்குள்ள யாராச்சும் இருந்தா வெளிய வாங்கோ! தீ வைக்கப் போறோம்!"

அவன் எழுந்துவிட்டான். "என்னடா இது? சனிக்கிழமதான?"

காலையில்தான் ஊரிலிருந்து ஏறி வந்த பியாக்கா வெற்றிலையைத் துப்பினான். "ஒனக்குத் தெரியாதா? நேத்து சாயங்காலம் தண்டோராப் போட்டுட்டாங்களே. சனிக்கிழம பெரிய ஆபீசர் ஹெலிகாப்டர்ல வர்றாராம். பொகை இருந்தா எறங்க முடியாதாம். இன்னிக்கே எரிச்சு முடிங்கன்னு இந்த முகாம்காரங்கதான் சொல்லிவிட்டிருக்காங்க."

இது முதல் குரல். மூன்று தரம் கூப்பிடுவார்கள். ஒவ்வொரு தரமும் கூப்பிட்டுவிட்டு, உள்ளே இருப்பவன் நடந்து வெளியேறுகிற அளவுக்குப் பொறுப்பார்கள். அப்பன் காலத்திலிருந்து அப்படித்தான். பன்னிரண்டு வயசிலிருந்து அவனும் அந்த மேட்டில் நின்று கத்தியவன். அப்படிக் கத்தியவன்தான் மச்சினனிடம், யார் கூப்பிட்டாலும் குரல் கொடுக்காதே என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறான்.

மேடு இரண்டு பள்ளம் தாண்டி இருந்தது. ஓடினாலும் முக்கால் மணி. காற்று அங்கிருந்து இங்கே அடித்தது, இங்கிருந்து ஒருத்தன் கத்தினால் அங்கே எட்டாது. செல்போனில் கோடு இல்லை. எல்லையோரம் போன மாதமே டவரை நிறுத்திவிட்டார்கள். வாசலில் நின்ற ஹவில்தார் கையில் வயர்லெஸ் இருந்தது. மேட்டுக்குக் கீழே, ரோட்டுச் சோதனைச் சாவடியில் இன்னொரு வயர்லெஸ் இருந்தது. அங்கிருந்து ஒருத்தன் ஓடிப்போய்ச் சொன்னால் போதும்.

"ஐயா, ஐயா, தீ வைக்க வேண்டாம்னு கீழ சொல்லுங்க!"

"ஏண்டா?"

என்ன சொல்வது? ஆள் என்றால் யார் என்பான்.

"எம் பன்னி, ஐயா. பன்னி உள்ள இருக்கு."

ஹவில்தார் சிரித்துவிட்டான். பக்கத்தில் துப்பாக்கியோடு நின்றவனும் சிரித்தான். "பன்னிக்காக வயர்லெஸ்ஸா? சுட்டு எடுத்தா எங்களுக்கும் ஒரு துண்டு குடு."

"குட்டி போட்ட பன்னி, ஐயா..."

"போடா, போய் அடுத்த மூட்டையத் தூக்கு."

இரண்டாவது குரல் வந்தது. "காட்டுக்குள்ள யாராச்சும் இருந்தா வெளிய வாங்கோ!"

பியாக்கா அவன் முகத்தையே பார்த்தான். "ரோகு, நீ இந்த வருசம் பன்னியே வளக்கலையே," என்றான் மெதுவாக. பிறகு அவனுக்கும் முகம் மாறிவிட்டது.

ரோகூங்கா தரையைப் பார்த்தான். பையன் பாறையிடுக்கில் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பது மனசில் தெரிந்தது. சொன்ன சொல் கேட்கிறவன். அதுதான் வினை. உண்மையைச் சொன்னால் பாலத்துக்கு அந்தப் பக்கம் தள்ளுவார்கள். தள்ளினால் ஒருவேளை பிழைக்கலாம், ஓடலாம், எதுவும் நடக்கலாம். தீயில் அந்த ஒருவேளை இல்லை. இது தெரிவதற்குள் நேரம் போய்விட்டது.

"ஐயா, ஆள் இருக்கான். உள்ள ஆள் இருக்கான்."

ஹவில்தாரின் சிரிப்பு நின்றது. "என்ன ஆளு?"

"என் மச்சினன்."

"வெட்டுக்காட்டுக்குள்ள மச்சினனுக்கு என்ன வேல? எந்த ஊரு?"

"கூப்பிடுங்க ஐயா மொதல்ல..."

"எந்த ஊருன்னு கேட்டேன். இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா? எத்தன பேரு? துப்பாக்கி இருக்கா?"

"அந்தப் பக்கம். ஒருத்தன்தான். ஒண்ணும் இல்ல ஐயா, வெறுங்கையி, சின்னப்பய, ஒங்க கால்ல விழறேன்..." விழவும் விழுந்தான்.

மூன்றாவது குரல் கேட்டது.

ஹவில்தார் கெட்டவன் இல்லை. வயர்லெஸ்ஸை எடுத்துவிட்டான். சாவடியைக் கூப்பிட்டான். கரகரவென்று இரைச்சல் வந்தது, மறுபடி கூப்பிட்டான். சாவடிக்காரன் பதில் சொன்னபோது மேட்டுக்குமேல் மஞ்சள் புகை எழும்பிவிட்டது.

"வெச்சுட்டாங்களாம்," என்றான் ஹவில்தார்.

ரோகூங்கா ஓடினான். யாரும் தடுக்கவில்லை. பியாக்கா பின்னாலேயே வந்தான். பாதி இறக்கத்தில் மூங்கில் வெடிக்க ஆரம்பித்தது. காய்ந்த மூங்கிலின் கணு ஒவ்வொன்றும் துப்பாக்கி மாதிரி வெடிக்கும். நூறு கணு சேர்ந்தால் ஒரு படையே சுடுவது மாதிரி இருக்கும். நாலு மாதம் துப்பாக்கிச் சத்தத்துக்குள் கிடந்துவிட்டு ஓடி வந்தவன் அதைக் கேட்டால் என்ன செய்வான்? வெளியே வரவே மாட்டான். இன்னும் உள்ளே போவான். ரோகூங்கா ஓடிக்கொண்டே, "அது மூங்கிலுடா, மூங்கிலு!" என்று கத்தினான். யாருக்குக் கேட்கும்?

மேட்டில் நின்றவர்கள் அவனைப் பிடித்துக்கொண்டார்கள். உள்ளே பாயப் போனவனை ஆறு பேர் மண்ணில் போட்டு அழுத்தினார்கள். நாலு மணிக்குத் தரை கொஞ்சம் ஆறியதும் ஈரச்சாக்கைக் காலில் கட்டிக்கொண்டு போனார்கள். பாறையிடுக்கின் கடைசி மூலையில் தாங்சுங் முட்டியில் முகத்தை வைத்து உட்கார்ந்திருந்தான். தீ அவனைத் தொடவில்லை, புகைதான் கொன்றிருந்தது. வாயைப் பொத்திய கை பொத்தியபடி இருந்தது.

ரோகூங்கா பாறையை மூன்று தட்டுத் தட்டினான். பியாக்கா அவன் கையைப் பிடித்து நிறுத்தினான்.

எங்கே செத்தாலும் பிணத்தை அவனவன் ஊருக்குச் சுமந்து கொண்டுபோய் விட வேண்டும். அங்கே அது யாரும் சொல்லிச் செய்கிற காரியமில்லை. மறுநாள் காலையில் பன்னிரண்டு இளவட்டங்கள் மூங்கில் பாடையோடு பாலத்துக்கு வந்துவிட்டார்கள். கதவு பூட்டியிருந்தது.

"அந்தப் பக்கத்து அரசாங்கத்தோட காகிதம் வேணும்," என்றார் இந்தப் பக்கத்து அதிகாரி.

"அந்தப் பக்கம் அரசாங்கமே இல்லையே ஐயா. போராளிங்கதான இருக்காங்க," என்றான் ரோகூங்கா.

"அப்போ காகிதம் கெடையாது."

பாலத்தின் அந்த முனையில் துப்பாக்கியோடு நின்ற போராளிப் பையன், "ராணுவத்துக்காரன் பொணம் எங்களுக்கு எதுக்கு? நீங்களே வெச்சுக்கங்க!" என்று கத்தினான்.

வெயிலில் மதியம்வரை வைத்திருந்தார்கள். அதற்குமேல் வைக்க முடியவில்லை. ஊர் எல்லையில் புதைத்தார்கள். குறிப்பேட்டில் முகாம்காரர்கள், அடையாளம் தெரியாத வெளிநாட்டு ஆண் என்று எழுதிக்கொண்டார்கள். ரோகூங்கா பெயரைச் சொன்னான். பெயருக்குக் காகிதம் கேட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அவன் பாலத்துக்குப் போனான். அந்த முனையில் அவன் மனைவி சியாமியும் மாமியாரும் நின்றார்கள். பாலம் தாண்ட சியாமிக்குக் கொடுத்திருந்த பாஸ் காலாவதியாகிவிட்டது, புதுசு இனிமேல்தான். அவள் தலையைத் தூக்கி இவனைப் பார்க்கவில்லை. கிழவிதான் பேசினாள்.

"மாப்ள, எங்க எம் பையன்?"

"பொதச்சிட்டோம் அத்த. விடமாட்டேன்னுட்டாங்க."

"எந்த மண்ணுல பொதச்ச? அங்க அவனுக்கு யாரு இருக்கா? அப்பன் பக்கத்துல குழி வெட்டி வெச்சிருக்கேன், ரெண்டு நாளா நாய் எறங்காமப் பாத்துட்டு நிக்கிறேன். கொண்டா."

"கொண்டுவர்றேன் அத்த."

"எப்போ?"

ரோகூங்கா கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றான். காவல்காரன் நேரமாகிவிட்டது என்று கையைக் காட்டினான்.

அது நடந்து ரெண்டு மழைக்காலம் போய்விட்டது. ரோகூங்கா தன் மாமியாருக்கு அவள் மகனுடைய பிணத்தைக் கொடுக்க வேண்டும். இன்னும் கொடுக்கவில்லை.