மீதி வரும் பிள்ளை

செவ்வாய்க்கிழமைதோறும் மேல்நிலைப் பள்ளியிலிருந்து ஒன்பதாம் வகுப்பு அக்காமார் ஆறு பேர் ஆரம்பப் பள்ளிக்கு வந்து, இரண்டாம் வகுப்புக்கு வகுத்தல் சொல்லிக்கொடுத்தார்கள். பிள்ளைகளை உயரப்படி நிறுத்தி, குட்டையிலிருந்து எண்ணி வகுப்பார்கள். கடைசியில் மீதி வரும் பிள்ளைகளைத் தங்கள் பள்ளிக்குக் கூட்டிப்போய் அறிவியல் ஆய்வகத்தில் வைத்துக்கொள்வார்கள்.

நாற்பது பேர் இருந்த வகுப்பு. இரண்டால் வகுத்த வாரம் யாரும் மீதியில்லை. மூன்றால் வகுத்த வாரம் ஒருவன் போனான். நான்கால் வகுத்த வாரம் மூன்று பேர். அடுத்தது ஐந்து.

அரிசி களைந்துகொண்டே பிரிஸ்கா கணக்குப் போட்டாள். முப்பத்தாறை ஐந்தால் வகுத்தால் மீதி ஒன்று. நெட்டைப் பிள்ளைகள் நாலு பேரும் போய்விட்டதால், வரிசையின் கடைசியில் இப்போது நிற்பவள் அவள் மகள் லிடியா.

மகளுக்குப் பாலையும் முட்டையையும் நிறுத்தினாள். உச்சியில் தூக்கிக் கட்டும் ரிப்பன் கொண்டையைப் பிரித்து, காதுக்குக் கீழே சடையாகப் போட்டாள். ஷூவுக்குள் இருந்த அட்டையை உரித்து எடுத்தாள். அப்படியும் கதவு நிலையில் போட்ட பென்சில் கோடு இறங்கவில்லை. நூற்று இருபத்தாறு சென்டிமீட்டர். அடுத்த பிள்ளை அவளைவிட ஒரு விரற்கடை குட்டை.

"அம்மா, பசிக்குது."

"செவ்வாக்கிழமை கழியட்டும், கண்ணு."

திங்கள் மாலை பள்ளி வாசலில் பக்கத்து வீட்டு முத்துக்கனி பிடித்துக்கொண்டாள். மூன்றால் வகுத்த வாரம் போனவன் அவள் மகன்.

"ஏ பிரிஸ்கா, பிள்ளையப் பட்டினி போடுறியாமே? வத்தலாட்டம் ஆயிட்டா."

"அப்படியெல்லாம் இல்லக்கா."

"அங்க நாலு பேரு இருக்காங்க. அஞ்சாவது ஆள் வந்தா முழு வரிசை, எல்லாரையும் அனுப்பிருவோம்னு இந்த வாரந்தான் பள்ளிக்கூடத்துல நோட்டீஸ் போட்ருக்கான். நீ கான்வென்ட்ல படிச்சவ, ஒனக்குத் தெரியாதா? ஒம்மவ போனாத்தான் எம்மவன் வருவான்."

எப்படி அனுப்புவார்கள் என்று நோட்டீசில் இல்லை. இதுவரை ஒருவரும் திரும்பி வந்ததும் இல்லை.

லீவு போடலாம். ஆனால் வரிசையில் இடம் காலியாக இருந்தால் கணக்குத் தப்பிவிடும் என்பதால், லீவு போட்டவருக்குப் பதில் வீட்டு ஆள் வந்து நிற்க வேண்டும். செவ்வாய் காலை பிரிஸ்கா, சிஸ்டர்களிடம் பழகிய சாய்வெழுத்தில், மகளுக்குக் காய்ச்சல் என்று லீவு லெட்டர் எழுதினாள். தானே எடுத்துக்கொண்டு போனாள்.

அளவு குச்சியோடு நின்ற ஷர்மிளா என்ற பெண் மரியாதையானவள். "ஸ்லிப்பரைக் கழட்டிருங்க ஆன்ட்டி. நீங்க ஹைட்டு, கடைசியில போங்க."

லிடியா பெயரைக் கூப்பிட்டபோது பிரிஸ்கா, "உள்ளேன் டீச்சர்" என்றாள். ஏழு ஐந்துகள் எண்ணி முடிந்தன.

"மீதி எத்தனை?"

"ஒண்ணு!" என்று பிள்ளைகள் கத்திக் கை தட்டினார்கள்.

ஆய்வகத்தில் நாலு பிள்ளைகளும் உயர ஸ்டூல்களில் உட்கார்ந்திருந்தார்கள். மேசைமேல் ஒன்றோடொன்று இணைத்த கண்ணாடிக் குழாய்கள். ஷர்மிளா அதில் ஊதாத் தண்ணீர் ஊற்றினாள். "எதுல ஊத்தினாலும் எல்லாத்துலயும் மட்டம் ஒண்ணாத்தான் நிக்கும். முழு வரிசையும் அப்படித்தான். கையைக் கோத்துக்கோங்க. வலிக்காது ஆன்ட்டி."

வலிக்கவில்லை. பிள்ளைகள் ஒவ்வொருவரும் நூற்று இருபத்தேழு, பிரிஸ்கா நூற்று ஐம்பத்தேழு. கொஞ்ச நேரத்தில் ஆளுக்கு நூற்று முப்பத்து மூன்று. புடவை இடுப்பிலிருந்து நழுவியது. நாலு மணிக்கு ஐந்து பேரையும் ஒரே ஆட்டோவில் அனுப்பிவைத்தார்கள். முழு வரிசையைப் பிரிக்கக் கூடாது என்பதால் பிரிஸ்காவின் பெயரையும் இரண்டாம் வகுப்பு வருகைப் பதிவேட்டில் ஏற்றினார்கள்.

லிடியா கதவைத் திறந்தாள். அம்மாவின் கொசுவத்தை அள்ளிச் செருகி, தன் பெரிய யூனிபார்மை எடுத்துக் கொடுத்தாள்.

அடுத்த வாரம் ஆறு. நாற்பத்தொன்றை ஆறால் வகுத்தால் மீதி ஐந்து. ஒரே உயரத்தில் கடைசியில் நிற்கப்போகும் அந்த ஐந்து பேர்தான். லிடியா அவர்களுக்கு முன்னால் நிற்பாள். பிரிஸ்காவுக்கு அன்றைக்குத்தான் மூச்சு சீராக வந்தது. மகளுக்கு ரெண்டு முட்டை அவித்து, பாலையும் காய்ச்சி வைத்தாள்.

லிடியா முட்டையைத் தொடவில்லை. "அப்போ நீ திரும்பவும் போவியாம்மா?"

"ம்."

"இப்போ முழு வரிசைக்கு ஆறு பேர் வேணுமே. ஆறாவது ஆள் வர்ற வரைக்கும் அங்கேயே இருப்பியா?"

"இருப்பேன். நீ சாப்பிடு."

பிள்ளை விரல்விட்டு எதையோ எண்ணிக்கொண்டே சாப்பிட்டது.

அடுத்த செவ்வாய் காலை, வெளியே தாழ்ப்பாள் போடும் சத்தத்தில் பிரிஸ்கா விழித்தாள். இரவு அவள் தேய்த்து வைத்த இரண்டு யூனிபார்மில் ஒன்று இல்லை. உரித்து வைத்திருந்த ஷூ அட்டை இல்லை. செய்தித்தாளில் நாலு பக்கங்களைக் காணோம். மேசையில் கோடு போட்ட தாளில், அடித்துத் திருத்திய லெட்டர் ஒன்று கிடந்தது. நல்லபடி எழுதியதை லிடியா எடுத்துப் போயிருந்தாள்.

'மதிப்பிற்குரிய டீச்சர் அவர்களுக்கு, எங்கள் அம்மாவுக்குக் காய்ச்சல். அவங்களுக்குப் பதில் அவங்க இடத்தில் நான் நிற்கிறேன்.'

லிடியாவின் இடம் காலி. வரிசையில் நாற்பது பேர். ஆறால் வகுத்தால் மீதி நாலு. ஷூவுக்குள் அட்டையும் செய்தித்தாளும் வைத்து உயர்ந்திருந்தால், லிடியாவும் அந்த நாலில் ஒருத்தி. பிரிஸ்கா கதவை இழுத்தாள், அறைந்தாள், முத்துக்கனியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். பள்ளி அடுத்த தெருவில்தான். ஜன்னல் வழியே வருகைப் பதிவு கேட்டது. பேர்கள் ஒவ்வொன்றாக வந்தன.

"பிரிஸ்கா."

"உள்ளேன் டீச்சர்" என்றது லிடியாவின் குரல்.

பிரிஸ்கா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் அடித்தது.