பிறந்த வீட்டுக் கோடி

என் வீட்டுக்காரர் கடைசியில் என்ன சொல்ல வந்தார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கோயம்புத்தூரில் ஓர் ஆஸ்பத்திரி, தொண்டைக்குள் குழாய். இனிப் பிழைக்க மாட்டார் என்று டாக்டரே சொன்ன பிறகும் மெஷினை எடுக்கச் சொல்ல எங்கள் யாருக்கும் வாய் வரவில்லை. அந்த ஒரு வார்த்தைக்கு நான் இன்னும் ஏங்குகிறேன்.

அதற்குப் பிறகுதான், ஓய்வு பெற்ற நர்ஸ் தாஜுன்னிசாவோடு ஊர் ஊராகப் பேசப் போனேன். பிழைக்க வழியில்லாதபோது மெஷினில் போடாதீர்கள், வலி தெரியாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள் என்று முன்கூட்டியே எழுதி வைக்கலாம், சட்டம் இடம் கொடுக்கிறது என்போம். அன்னூர் மகளிர் குழுவில் பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள். மீதிப் பேர், "ஏனுங்க சாந்தாமணியக்கா, நல்ல நாளும் அதுவுமா இதத்தான் பேசோணுமா?" என்பார்கள். சாவு நல்ல நாள் பார்த்தா வருகிறது?

ஊருக்குச் சொன்ன நான் எனக்கு எழுத வேண்டாமா? சாட்சியும் நோட்டரியும் சுலபம். நான் பேச முடியாமல் கிடக்கும்போது எனக்காக முடிவு சொல்ல ஒருவரைக் குறிக்க வேண்டும், அதுதான் பாடு. கடைசிவரை மெஷினில் வைத்துத்தான் பார்ப்பேன் என்று மகள் லோகப்பிரியா அழுதாள். அவள் இதற்கு ஆகமாட்டாள். என் மனதில் இருந்தது தம்பி கிருபாசங்கர். எங்கள் அம்மாவின் கடைசியில், "போதும், ஊட்டுக்குப் போலாம்" என்று துணிந்து சொன்னவன் அவன்தான். அம்மா எங்களோடு பேசிக்கொண்டே போனாள்.

அவன் உடுமலைப்பேட்டையில் தேங்காய் வியாபாரி. அப்பாவின் தோப்பில் எனக்குப் பங்கு வேண்டாம் என்று என்னை எழுதித் தரச் சொன்னான். யோசிக்கலாம் என்றார் என் வீட்டுக்காரர். அதோடு பேச்சு நின்றது. அவர் செத்தபோது முறைக்கு வந்தான். பிறந்த வீட்டுக் கோடிச் சேலையை என் தோளில் போட்டான், முகத்தைப் பார்க்காமல் போய்விட்டான்.

ஒரு கையெழுத்து வேண்டும் என்று போனில் கூப்பிட்டேன். வந்தான், கூடவே ஒரு வக்கீலோடு. பங்கு கேட்கத்தான் கூப்பிடுகிறேன் என்று நினைத்துவிட்டான், கிறுக்கன். காபியைத் தொடவில்லை. காகிதத்தை முதலில் வக்கீல் படித்தார். அவனிடம் நீட்டிவிட்டு மெல்ல வெளியே போய்விட்டார்.

தம்பி இரண்டு முறை படித்தான்.

"உங்கள அனுப்பி வெக்கறதுக்கா அக்கா என்னையக் கூப்புட்டீங்க?"

"ஊட்டுக்குக் கூட்டியாரதுக்கு, கண்ணு. அம்மாவக் கூட்டியாந்தியல்ல, அப்படி."

"எம்மேல கோவமில்லீங்களா?"

"இருக்குது. ஆனா அடுத்த கோடி நீ எஞ் சாவுக்குத்தான் கொண்டாருவே. அன்னைக்கு நானு உன்னயப் பாக்க முடியாது. அதுக்கு முன்னாடி ஒருக்கா உன்ற மூஞ்சியப் பாக்கோணும்னு கெடந்தேன்."

அவன் கையெழுத்துப் போட்டான். ஆறிப்போன காபியை ஒரே மூச்சில் குடித்தான். பிறகு, சேலை மாற்றிக்கொண்டு கிளம்பச் சொன்னான். எங்கே என்றேன்.

"கடைக்குங்க்கா. நீங்க பாத்து எடுங்க."

மாம்பழக் கலரில் ஒன்று எடுத்தேன். இது நான் கட்டிக்கொள்ள, அந்தக் கோடிக்கு வேறு கொண்டு வா என்றேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டு சரியென்று தலையை ஆட்டினான்.